பீப்பாய் பழகுகிறது

ஆயத்தக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம் பிடித்துக்கொள்ளும். சோம்பேறி படுத்துக் கிடப்பான். இவர் விடிந்ததிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட வேலை செய்வார். என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? வேலையைத் தொடங்குவதற்கான வேலை. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்றால், சுத்தியலின் கைப்பிடி ஆடுவதைக் கண்டுபிடிப்பார். கைப்பிடியைச் செதுக்க உளியை எடுத்தால் அது மழுங்கியிருக்கும். உளியைத் தீட்டப் போனால் சாணைக்கல் நடுவில் குழிந்திருக்கும். கல்லைச் சமன்படுத்த உட்கார்ந்தவரைச் சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, ஆணி அடிச்சிட்டிருக்கேன்ல" என்பார். மனமறிந்து சொல்லும் பொய்யில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார்.

இவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் உத்தியோகம். பரிசோதகர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த அம்மாளைத் தலைமை நர்ஸாக உயர்த்தினார்கள். உடன் வேலை செய்பவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பதென்று வீட்டில் முடிவாயிற்று. அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

"ஹோட்டல்ல சொல்லிடலாங்க" என்றாள் மனைவி.

"ஹோட்டலா? வீட்ல ஒரு ஆம்பளை இருக்கேன், ஹோட்டலா? முழுக்கோழியை மெல்லப் புகை போட்டு வேக வச்சுத் தரேன். எலும்பு தானா கழண்டு வரும், பாரு."

"புகை போடறதுக்கு அடுப்பு?"

"அது என்ன பெரிய விஷயம்! ஒரு பீப்பாய் போதும்."

பீப்பாய் வந்தது. புத்தம் புதியது, ஆள் இடுப்புயர இரும்புப் பீப்பாய். பழையதே போதாதா என்று கேட்டதற்கு, "பழசுல எண்ணெய் இருந்துச்சோ, விஷம் இருந்துச்சோ, யார் கண்டது?" என்றார். நியாயம்தான். ஆயத்தக்காரர் பேச்சில் எப்போதுமே நியாயம் இருக்கும். அதுதான் நமக்கு வந்த வினை. புதியதை வாங்கிவந்து மூடியைத் திறந்தால், உள்ளே வழவழவென்று ஒரு பூச்சு. அதில் கோழியைத் தொங்கவிட்டால் கோழியோடு சாயத்தையும் தின்ன வேண்டியதுதான். ஆகவே பூச்சை எரித்துத் தீர்க்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தைப் பிடுங்கினார், அடியில் காற்றுக்கு ஓட்டை போட்டார், விறகை அடுக்கிக் கொளுத்தினார். கரும்புகை எழும்பியது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரர் குடியிருந்தார். தைத்து, துவைத்து, மறுநாள் கொடுக்க வேண்டிய வெள்ளைச் சட்டைகளை அவர் அன்றைக்குத்தான் கொடியில் காயப்போட்டிருந்தார்.

"சார், எதை எரிக்கிறீங்க?"

"எதையும் எரிக்கலைங்க. சமையலுக்கு ஏற்பாடு."

"எங்க வீட்டுச் சட்டையையுமா சமைக்கிறீங்க?"

பரிசோதகர் மன்னிப்புக் கேட்டார். நெருப்பை அணைத்தார். சட்டைகள் உள்ளே போகும்வரை காத்திருந்து மறுபடியும் பற்ற வைத்தார். ஆயத்தக்காரருக்கு ரோஷம் உண்டு, ஆனால் பின்வாங்கும் பழக்கம் கிடையாது.

அடுத்து வந்தது தேய்ப்புப் படலம். பீப்பாயைப் படுக்க வைத்து, கம்பி பிரஷும் உப்புத்தாளும் டார்ச்சுமாக இடுப்புவரை உள்ளே நுழைந்துகொண்டார். அந்த நாட்களில் வீட்டில் யாருக்கு அவரிடம் என்ன சொல்ல வேண்டியிருந்தாலும் அவருடைய கால்களிடம்தான் சொல்ல வேண்டும். மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கால்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவாள். கால்கள் அசையும். "ம்ம்ம்" என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பதில் வரும்.

இரும்பு வெள்ளி போல மின்னியது. ஆனந்தம் தாங்காமல் தண்ணீர்விட்டுக் கழுவினார், அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போனார். காலையில் பார்த்தால் உள்ளே முழுக்கத் துரு. வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். நம்மவர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஏன் இருக்காது? மறுபடியும் முதலிலிருந்து தேய்க்கலாமே!

தேய்த்தார். துடைத்தார். காயவைத்தார். சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டு உள்ளே பூசி, சின்னத் தீ மூட்டி, மூடியைப் போட்டுப் பழக்கத் தொடங்கினார். வாணலியைப் பழக்குவதில்லையா, அது போலத்தான். எண்ணெய் இரும்பில் இறுகிக் கறுப்பாகப் படிந்துவிட்டால் துருவும் பிடிக்காது, நாற்றமும் வராது. ஒருமுறை பழக்கினால் போதும் என்பார்கள் தெரிந்தவர்கள். ஆயத்தக்காரரின் அகராதியில் 'போதும்' என்ற சொல் அச்சாகவே இல்லை.

"இங்க வா. இந்த இடத்துல கறுப்பு கொஞ்சம் கம்மியா இல்ல?"

"உள்ள எல்லாமே கறுப்பாத்தாங்க இருக்கு."

"கறுப்புலயே கம்மிம்மா."

அவள் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை மாலை அது. "நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "நாங்க பெரியக்கான்னு கூப்பிடற நர்ஸ்தான் வரவங்கள்ல மூத்தவங்க. அந்த எடம் அவங்களுக்குத்தான் வந்திருக்கணும்னு வார்டே பேசுது. எங்கிட்ட முகம் குடுத்துப் பேசி எத்தனையோ நாளாச்சு. நாளைக்கு வரேன்னு சொன்னதே பெரிசு. அவங்களை உக்கார வச்சுட்டு, 'பீப்பாய் பழகுது, கொஞ்சம் பொறுங்க'ன்னு என்னால சொல்ல முடியாது."

அவருக்குச் சுருக்கென்றது. பொண்டாட்டியின் கண்ணில் அப்படி ஒரு கலக்கத்தை அவர் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. "நாளைக்கு மதியம் எலையில கோழி இருக்கும். நம்பு" என்றார். சத்தியமாக அந்த நிமிஷம் அப்படித்தான் நினைத்தார்.

ஞாயிறு காலை எல்லாம் தயார். கரி அடுக்கியாயிற்று, கம்பித்தட்டு பொருத்தியாயிற்று, உப்பும் மிளகும் பூண்டும் தடவிய கோழிகள் காத்திருந்தன. தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டார். உரசியிருக்கலாம். கூடவே, மூடியில் பொருத்தும் தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடுவோமே என்று தோன்றியது.

"அடடா! தண்ணி கொதிக்குது, இது கொதிக்கலைங்குது!"

"கொஞ்சம்தானேங்க வித்தியாசம்?"

மீட்டர் பரிசோதகரிடம் சொல்லும் சொல்லா அது? தீக்குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "தோ வந்துடறேன்" என்று கிளம்பினார். பக்கத்துக் கடை விடுமுறை. அடுத்த தெருக் கடையில் தெர்மாமீட்டர் இருந்தது, ஆனால் ஒரே ஒரு தினுசு. பஸ் ஏறிப் போய் ஒரு பெரிய கடையைப் பிடித்தார். அங்கே கடைக்காரரிடம் வெந்நீர் கேட்டு வாங்கி, இருக்கிற தெர்மாமீட்டர் அத்தனையையும் ஒரே குவளையில் நட்டுவைத்து, எது எதோடு ஒத்துப்போகிறது என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கடை சாத்தணும். சாப்பாட்டு நேரம்" என்றார் கடைக்காரர்.

சாப்பாட்டு நேரம்!

கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடினார். பஸ் நகர்வதாக இல்லை. வழியெல்லாம் ஒரே காட்சிதான் கண்ணில்: கூடத்தில் வெறும் தட்டுகள், பெரியக்காவின் உதட்டோரச் சிரிப்பு, தலைகுனிந்து தண்ணீர் ஊற்றும் மனைவி. தெருமுனை திரும்பியபோது தன் வீட்டுக் கொல்லையிலிருந்து புகை எழுவதைப் பார்த்தார். வெள்ளைப் புகை, வாசனைப் புகை. யாரோ பற்ற வைத்துவிட்டார்கள்!

அவருக்குத் தெரியாமல். அவருடைய பீப்பாயை. தெர்மாமீட்டர் இல்லாமல்!

கோபமும் நிம்மதியும் ஒன்றையொன்று முட்டித்தள்ள, கொல்லைக்குள் நுழைந்தார். நர்ஸுகள் பீப்பாயைச் சுற்றி நின்று கதையளந்துகொண்டிருந்தார்கள். சட்டை பாழான தையல்காரர் மதில்மேல் முழங்கையை ஊன்றி ஒரு கோழிக்காலை வாங்கிக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் பஸ் ஏறியதுமே அடுப்பைப் பற்ற வைத்துவிட்ட மனைவி இடுக்கியோடு நடுவில் நின்றாள். அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? பெரியக்கா.

"சூடு எவ்வளவுன்னு எப்படிப் பாத்தீங்க?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இத்தனை வருஷமா கை வச்சே காய்ச்சல் பாக்கறோம், கோழிச் சூடு தெரியாதா?" என்றார் பெரியக்கா. "வெந்திருக்கான்னு தொடையில குத்திப் பாத்தோம். குத்தறதுக்கு எங்களுக்கா சொல்லித்தரணும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மனைவியும் சிரித்தாள். பெரியக்காவின் தோளில் கைவைத்துக்கொண்டு கண்ணில் நீர்வரச் சிரித்தாள். அதைப் பார்த்ததும் அவர் கோபம் போன இடம் தெரியவில்லை.

தட்டு வந்தது. எலும்பு தானாகக் கழன்றது. அவர் மென்றார். இன்னும் மென்றார். குறை கண்டுபிடிக்க நாக்கு தேடியது, கிடைக்கவில்லை.

"சார், பொய் சொல்லல" என்றார் பெரியக்கா, பீப்பாய்க்குள் எட்டிப்பார்த்து. "இவ்வளவு சுத்தமா எங்க ஆபரேஷன் தியேட்டர்லகூட ஒரு பாத்திரம் கிடையாது. கோழியில ஒரு துளி நாத்தம் இல்ல பாருங்க."

பரிசோதகர் பூரித்துப்போனார். அன்று மாலைவரை பூச்சு எரித்த கதையையும் துருவின் சூழ்ச்சியையும் அவர் சொல்ல, அவர்கள் கேட்டார்கள். போகும்போது பெரியக்கா அவர் மனைவியின் கையைப் பிடித்து, "நாளைக்கு டியூட்டிக்குச் சேந்தே போலாம், வந்து கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு அவர் பீப்பாயருகே தனியாக நின்றார். உள்ளே ஒரே சீராகக் கறுப்பு. தேய்க்க ஒன்றுமில்லை, பழக்க ஒன்றுமில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி மனசு வெறிச்சென்று இருந்தது.

"அடுத்த ஞாயிறு மீன் வைக்கலாமாங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "வைக்கலாம், வைக்கலாம். ஆனா மழை வந்தா? மேல ஒரு கூரை போட்டுட்டோம்னா..." என்று, அளக்கும் டேப்பைத் தேடிப் புறப்பட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நடைப்பயிற்சிக்கென்று வாங்கிய காலணி உங்கள் வீட்டில் பெட்டியைவிட்டு இறங்கிவிட்டதா? இறங்கியிருந்தால் சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுவிடுகிறேன். ஏதோ ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்று எழுந்தவர்தானே நீங்கள்? அதற்கு முன்னால் மனதைக் கொஞ்சம் தயார்படுத்திக்கொள்ளலாம் என்றுதானே இந்தப் பக்கத்தைப் பிரித்தீர்கள்?