மாமாவைத் தூளியில் போட்ட ஒத்திகை

பயப்படுவதற்கு மட்டும்தான் மனிதனுக்கு முன்தயாரிப்பு தேவையில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தேவை. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பகுதி தர்ம ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா. அவர் சொன்ன மறு வாரமே அதை ஊரறிய நிரூபித்துக் காட்டியவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நொய்யல் ஆற்றங்கரை ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு மெசின் ஓட்டும் வேலை. வட்டமாகச் சுற்றும் ஊசிகளையே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் உலகமே ஓசையில்லாமல் சுற்றுகிற மாதிரி இருக்கும். காற்றில் பஞ்சு மிதக்கும். அந்தப் பஞ்சு மேகத்துக்குள்ளிருந்து என் மாமன் மகள் சரஸ்வதி மெல்ல நடந்து வருவாள். (நிஜத்தில் வந்தது மேஸ்திரிதான். நூல் அறுந்து ஓடிக்கொண்டிருப்பதை அவர்தான் காதருகில் வந்து சொல்வார்.)

சரஸ்வதியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வாழ்க்கையில் வேறு திட்டம் கிடையாது. ஆனால் அதை அவள் அப்பா சென்னியப்ப மாமாவிடம் கேட்கும் தைரியமும் கிடையாது. அம்மாவை விட்டுக் கேட்டதற்கு, "பாக்கலாம், பொறு"என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாராம். இதற்கிடையில் குண்டடத்துப் பக்கம் தோட்டங்காடு உள்ள ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரப்போவதாகப் பேச்சு. மாமாவைக் கண்டால் நான் மழையைப் பற்றிப் பேசுவேன். மழை இல்லாத மாதங்களிலும் மழையைப் பற்றித்தான் பேசினேன்.

அந்த வருடம் மழையைப் பற்றி எல்லோருமே பேசினார்கள். நொய்யலில் வெள்ளம் வந்தால் பின்னாலேயே காலரா வரும் என்பது டாக்டரம்மாவின் கவலை. "வந்த பிறகு ஓடக்கூடாது. வருவதற்கு முன்னாலேயே ஒருதரம் ஓடிப் பார்த்துவிட வேண்டும்"என்றார். ஒருவரை நோயாளியாகப் படுக்க வைத்து, தெருவிலிருந்து ஆஸ்பத்திரிவரை தூக்கிவந்து, எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பது. ஆஸ்பத்திரியின் ஸ்ட்ரெச்சர் கிழிந்து கிடந்தது. "இதுக்கு யாராவது ஏற்பாடு செய்யமுடியுமா?"என்று கூடியிருந்த தெருக்காரர்களிடம் கேட்டார். என் கை தானாக உயர்ந்தது. ஏனென்றால் நோயாளியாக நடிக்கச் சம்மதித்திருந்தவர் சென்னியப்ப மாமா.

என் யோசனை அபாரமானது என்று இன்றும் சொல்வேன். பனியன் துணி மெசினிலிருந்து குழாய் மாதிரிதான் இறங்கும். தைக்கவே வேண்டாம். இரண்டு மூங்கிலை உள்ளே விட்டால் ஸ்ட்ரெச்சர். உலகத்தில் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதே என்று இரண்டு நாள் மிதந்தேன். பனியனை மனிதர்கள் ஏன் விரும்பி வாங்குகிறார்கள் என்பதுதான் தோன்றவில்லை. இழுத்தால் நீளும்.

ஒத்திகை அன்று மதியம். வெயில் தேன் மாதிரி மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. மாமா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தார்.

"கண்ணைத் தொறக்கக் கூடாதுங்க மாமா. என்ன ஆனாலும் பேசக் கூடாது. டாக்டரம்மா சொல்லீட்டாங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியும் மாப்ளே. நீ கீழ போடாம இருந்தாச் செரி."

முன்னால் என் கூட்டாளி ரங்கன், பின்னால் நான். தூக்கினோம். மாமா கனமான மனிதர். பத்தடி போவதற்குள் துணி மெல்ல இறங்கியது. தெருமுனை வருவதற்குள் இன்னும் இறங்கியது. இரண்டு மூங்கிலும் நெருங்கி ஒட்டிக்கொண்டன; மாமா உள்ளே போய்விட்டார். குழந்தையைத் தூளியில் போட்ட மாதிரி, வெள்ளைத் துணிக்குள் ஒரு பெரிய உருண்டையாக ஆடிக்கொண்டே வந்தார். தரைக்கும் அவருக்கும் ஒரு சாண் இடைவெளி.

"ஏண்டா, மாமன் எங்கடா?"என்றான் ரங்கன், திரும்பிப் பார்த்து.

"உள்ளதான் இருக்காரு. நட."

சலவைப் பட்டறைக் காலியிடத்தைக் கடந்து போனோம். தரை முழுக்கப் பனியன் காயப்போட்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. அந்த வெண்மைக்கு நடுவே மாமாவை ஆட்டிக்கொண்டு நடந்தபோது, மேகத்தின் மேல் நடப்பதாகவே எனக்குத் தோன்றியது. மேகத்தின் அந்தக் கோடியில் சரஸ்வதி நின்றாள். நான் மாமாவைப் பேச்சுக்கு இழுத்தேன்.

"மாமா, சவுகரியமா இருக்குதுங்களா?"

மூங்கிலை லேசாகக் குலுக்கிப் பார்த்தேன்.

"மாமா?"

துணி ஆடியது. மாமா ஆடவில்லை. இறக்கி வைத்தோம். டாக்டரம்மா நாடி பார்க்கக் கற்றுத் தந்திருந்தார். துணிக்கு மேலேயே தடவி மணிக்கட்டைப் பிடித்தேன். குளிர்ந்து, விறைத்து, துடிப்பே இல்லாமல் இருந்தது. (நான் பிடித்தது மூங்கில் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிவிக்கப்பட்டது.)

"ரங்கா, மாமா போயிட்டாருடா!"

அதற்குப்பின் நான் செய்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை. பக்கத்தில் ஒரு வாளி தெரிந்தது. எடுத்து மாமாவின் முகத்தில் கொட்டினேன். அது வெள்ளைத் துணிக்குப் போடக் கெட்டியாகக் கரைத்து வைத்திருந்த நீலம். மாமா லேசாகச் சிலிர்த்தார். மறுபடி அசைவற்றுக் கிடந்தார். கடைசி இழுப்பு என்று முடிவு செய்து, அவர் மேல் விழுந்து, துணி காயப்போட்ட அத்தனை பெண்களும் கேட்கும்படி கதறினேன்:

"மாமா! சரசுவை ஆருக்குக் குடுக்கறதுன்னு சொல்லாமயே போயிட்டீங்களே!"

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். துக்கத்தில் என்று நினைத்தேன்.

ஓட்டமாக ஓடி ஆஸ்பத்திரியில் இறக்கினோம். துணி விலகியதும் டாக்டரம்மாவின் கண்ணில் முதலில் பட்டது உதடு. நீலம். நகம். நீலம். ஒத்திகை அவருக்கு மறந்தே போயிற்று.

"ஆக்சிஜன்! சீக்கிரம்!"

நர்ஸ் சிலிண்டரிடம் ஓடினார். சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்கும் சாவி இல்லை. கம்பவுண்டர் மேசையடியில் தேடினார், அலமாரியில் தேடினார், தன் சட்டைப்பையில் தேடினார். நான் இடுப்பிலிருந்த மெசின் ஸ்பேனரை நீட்டினேன்.

"எண்ணெய் ஸ்பேனரோட ஆக்சிஜன் பக்கத்துல வராதே! எல்லாரையும் சேர்த்துக் கொளுத்தறதுக்கா?"என்று விரட்டினார் டாக்டரம்மா. "சாவி எங்கேய்யா?"

கம்பவுண்டர் திருதிருவென்று விழித்தார். அப்போது பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்தது.

"டாக்டரம்மா, அது எங்கூட்டு ஜன்னல் மேல இருக்குதுங்க. சைக்கிள் நட்டு முறுக்கறதுக்கு நாந்தான் கம்பவுண்டர்கிட்ட வாங்கீட்டுப் போனனுங்க."

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று என்னால் சொல்லமுடியாது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். பிறகு மூடிய கைக்குள்ளிருந்து, "இவருக்கு நிஜமாகவே வந்திருந்தால், இவர் வீட்டு ஜன்னலில் சாவி, இங்கே இவர்"என்றார். அடுத்த வாரமே சாவி சங்கிலியோடு சிலிண்டரில் தொங்கியது. கெட்டித் துணியில் ஸ்ட்ரெச்சர் தைக்கச் சொன்னார். அந்த வேலையை என்னிடம் தரவில்லை.

எனக்கு அதெல்லாம் கேட்கவே இல்லை. மாமா எப்போது விழித்தார் என்பதுதான் என் உயிர்ப்பிரச்சினை.

"மாமா, தூங்கீட்டீங்களா?"

"நல்லா ஆட்டுனீல்ல, அசந்துட்டேன். தண்ணி ஊத்துனப்ப முழிச்சுட்டேன். காலராக்காரனுக்கு இப்படித்தான் ஊத்துவாங்களாட்ட இருக்குதுன்னு பேசாமப் படுத்துட்டேன்."

"அப்ப, அதுக்கப்புறம் நான் சொன்னது..."

"கேட்டுது."

தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று பார்த்தேன். மாமா நீல விரலால் நீல மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் மாப்ளே, செத்தவங்கிட்டப் போயிக் கேட்டா அவன் எப்படிப் பதில் சொல்லுவான்? இத்தன நாளு உசுரோடதானே இருந்தேன். வாயத் தொறந்து கேக்கறதுக்கென்ன?"

நான் வாயைத் திறந்தேன். "மாமா, இந்த வருசம் மழை..."என்றேன்.

"மழை கெடக்குது. ஞாயித்துக்கெழமை உங்கம்மாளைக் கூட்டீட்டு ஊட்டுக்கு வா."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. நான் கதறிய கதறல் அன்று மாலையே சரஸ்வதியின் காதுக்குப் போயிருந்தது. வசனம் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் போயிருந்தது. முதல்முறை தனியாகப் பேசக் கிடைத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மூங்கிலுக்கு நாடி எப்படிங்க இருந்துச்சு?"

இப்போது எனக்கும் மாமாவின் உடம்பு வந்துவிட்டது. ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால், யாரோ என் மூக்கடியில் விரல் வைப்பது கனவுபோலத் தெரியும். மகள்தான்.

சமையலறையிலிருந்து சரஸ்வதியின் குரல் வரும். "மூச்சு வருதா கண்ணு?"

"வருதும்மா."

"அப்பச் செரி. நீலம் கரைக்க வேண்டாம்."