சனிக்கிழமைக் குதிரை

"ஒன்பது அஞ்சுக்கோ? ராகுகாலம் பிறந்திடும்! சரளா, உடனை இறங்கும்!"

குதிரை மேலிருந்த சரளாவுக்கு உச்சந்தலை கொதித்தது. ஜெர்மனியில் பான் நகருக்கு வெளியே இருந்த அந்தப் போட்டி மைதானத்தில் அவள் பெயரைக் கூப்பிட இன்னும் பத்தே நிமிடம். கணவர் பரராசசிங்கமோ கடிவாளத்தை விடுவதாக இல்லை.

"இதை வீட்டிலை சொல்லியிருக்கலாமே?"

"உம்மட நேரத்தை இப்பதானே பலகையிலை போட்டவை! சுவர்க் கலண்டரிலை வடிவாப் பாத்திட்டுத்தான் வந்தனான். சனி ஒன்பதிலை இருந்து பத்தரை. ஏலாது!"

ஆறு மாதமாக முதியோர் இல்லத்து வேலை முடிந்த கையோடு லாயத்துக்கு ஓடியவள் சரளா. ராஞ்ச் ரைடிங் என்பது பண்ணை வேலைக் குதிரைகளுக்கான போட்டி. நட என்றால் நடக்க வேண்டும், ஓடு என்றால் ஓட வேண்டும், கட்டைகளை நிதானமாகத் தாண்ட வேண்டும். அலங்காரம் எதுவும் கூடாது. அவள் குதிரை ரோசியும் எல்லாம் பழகி, அன்று காலை உடம்பு சூடேறித் தயாராக நின்றது.

"குதிரையேறி எங்கை போகப்போறீர், கடைக்கோ?" என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் சிரித்த பத்மா, இன்று பார்வையாளர் வாங்கில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். ஒரேயொரு பரிசு ரிப்பன் வாங்கி அதை அவள் மூக்குக்கு முன்னால் ஆட்ட வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

அதற்குள் பரராசசிங்கம் ஓடிப்போய், பத்தே முக்காலுக்கு ஏறவிருந்த குரூகர் அம்மாவோடு நேரத்தை மாற்றிவிட்டு வந்தார். சரளா பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

"ஒண்டே முக்கால் மணித்தியாலம் குதிரையை என்ன செய்யிறது?"

"நான் பாக்கிறன். நீர் தேத்தண்ணி குடியும்."

அவர் பார்த்த லட்சணம் இதுதான்: சேணத்தைக் கழற்றி ரோசியை அப்பிள் மரத்தடியில் கட்டினார். அது முகத்தைத் தூக்கி வைத்திருந்ததாம், அதனால் ஒரு பை கரட்டைக் கொடுத்தார். கரட் முடிய அது தானாகவே அப்பிளில் வாய் வைத்தது. பிறகு உண்ட மயக்கத்தில் கண்ணைச் சொருகியது. தூக்கம் கலையட்டும் என்று நடத்திக்கொண்டு போனார். வழியில் கிடந்த சேற்றில் ரோசி ஆனந்தமாகப் புரண்டது.

சரளா அலறினாள். "என்னப்பா இது கோலம்!"

"வேலைக் குதிரை மாதிரி இருக்கோணுமெண்டு நீர்தானே சொன்னனீர்?"

சேணம் போடப்போனால் வயிற்றுப்பட்டி எட்டவில்லை. ஊதிய வயிற்றோடு மல்லுக்கட்டிப் பூட்டியபோது ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்துவிட்டது.

ரோசி நாலடி நடந்தது. நடுவர் முன்னால் நின்று, அவசரமே இல்லாமல் சாணம் போட்டது. அப்புறம் கட்டை, கயிறு எதையும் மதிக்காமல் திரும்பி, வாசலைத் தாண்டி நேரே அப்பிள் மரத்தடிக்குப் போனது. மதிப்பெண் பூச்சியம். போட்டி முடிந்தபோது, ஒன்பது ஐந்துக்கு ஏறிய குரூகர் அம்மா முதற்பரிசு நீல ரிப்பனோடு படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"அது என்ர ரிப்பன்!" சரளாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. "ஆறு மாசப் பாட்டைக் குதிரைச் சாணத்திலை போட்டிட்டியள்!"

பரராசசிங்கம் அசையவில்லை. "நல்ல நேரத்திலையே இப்பிடியெண்டால், ராகுகாலத்திலை ஏறியிருந்தால் உம்மட கழுத்தெல்லே முறிஞ்சிருக்கும்? கும்பிடவேணும் நீர் என்னை!"

பத்மா கைப்பைக்குள் இருந்து கோயில் பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தாள்.

"என்ன அண்ணை கதைக்கிறியள்? உங்கட சுவரிலை தொங்கிறது யாழ்ப்பாண நேரம். இஞ்சை ஜூனிலை சூரியன் அஞ்சேகாலுக்கே உதிச்சு, பகலும் நீண்டு போறதாலை, இண்டைக்கு ராகுகாலம் ஒன்பதரையிலை இருந்து பதினொண்டரை வரைக்கும்!"