ஊறப் போட்ட லேப்டாப்

கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களால் அதற்கு ஆபத்தில்லை. ஒன்றுமே தெரியாதவர்களாலும் ஆபத்தில்லை. அவர்கள் அதன் பக்கத்திலேயே போவதில்லை. கொஞ்சம் தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு சான்றிதழும் வாங்கி, அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டியவர்களால்தான் எல்லாக் கேடும். என் சான்றிதழ் இப்போதும் எங்கள் வீட்டுக் கிரைண்டருக்கு மேலே தொங்குகிறது. (கழற்றிவிடலாம் என்றால் என் மாமியார் விடமாட்டேன் என்கிறார். வருகிறவர்களுக்குக் கதை சொல்ல அவருக்கு அது வேண்டுமாம்.)

நாங்கள் தாராவியில் இட்லி போட்டு விற்கிற குடும்பம். விடிவதற்குள் அவித்துக் கொடுத்தால் என் கணவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா என்று விற்றுவிட்டு வருவார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு மாவும் ஆவியும் சீக்கிரமே பழகிவிட்டன. பழகாமல் இருந்தது ஒன்றுதான். என் நாத்தனார் கனி பி.காம். படிப்புக்காக வாங்கியிருந்த லேப்டாப். அவள் அதைத் திறக்கிற சத்தம் கேட்டால் போதும், நான் கரண்டியும் கையுமாகப் பின்னால் போய் நின்றுவிடுவேன்.

"மதினி, இப்படி நின்னு பாக்கதுக்கு நீங்களே படிக்கலாம்லா?" என்று கேட்டு, மாட்டுங்காவில் இருந்த ஒரு பயிற்சி மையத்தில் கனிதான் என்னைச் சேர்த்துவிட்டாள். கம்ப்யூட்டரே தொடாதவர்களுக்கான வகுப்பு.

முதல் நாள் செருப்பை வாசலில் விடச் சொன்னார்கள். உள்ளே குளுகுளுவென்று ஏசி. வரிசையாகத் திரைகள், எல்லாவற்றிலும் வெளிச்சம். நான் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (சிரிக்காதீர்கள். பக்கத்தில் நின்ற அம்மாவும் போட்டுக்கொண்டார்.) மவுஸைப் பிடித்து நகர்த்தினேன். என் கை மேசையில் நகர, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்பு அதே மாதிரி நகர்ந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. அத்தனை பேர் தினமும் சாதாரணமாகச் செய்கிற காரியம் என்று தெரிந்தும் சிலிர்த்தது.

அதைவிடப் பெரிய அதிசயம் கன்ட்ரோல் இசட். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால், செய்த தப்பு செய்யாததாகிவிடும்! அழித்த எழுத்து திரும்ப வந்து நிற்கும்! உலகத்தில் இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறேனே என்று மலைத்துப்போய், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாமியாரிடம் சொன்னேன். (இனி அவரை அத்தை என்றே சொல்கிறேன். அப்படித்தான் கூப்பிடுவேன்.)

அத்தை கேட்டுக்கொண்டே சட்னியைத் தாளித்தார். "அப்ப நேத்து நீ சாம்பாருல அள்ளிப் போட்ட உப்ப அது எடுத்துருமாளா?"

அத்தையின் கிண்டலெல்லாம் என் பக்தியை அசைக்கவில்லை. வகுப்பில் லதா மேடம் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு வேதவாக்கு. தூசி ஆகாது. ஈரம் ஆகவே ஆகாது. தெரியாத பென் டிரைவைச் சொருகாதே. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே. மேடம் இன்னும் ஒன்று சொன்னார், முக்கியமான எதையும் ஒரே இடத்தில் வைக்காதே என்று. அன்றைக்கு உளுந்து வாங்கப் போக வேண்டியிருந்ததால் நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் கனியின் லேப்டாப்பை என் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டேன். அப்போது அவள் கடைசி வருஷ ப்ராஜெக்ட் எழுதிக்கொண்டிருந்தாள். தாராவியின் இட்லி வியாபாரம்தான் விஷயம். சந்து சந்தாகப் போய் இட்லிக்காரர்களிடம் பேசி, படம் எடுத்து, மாதக்கணக்கில் தட்டச்சு செய்தாள். அதைக் கொடுத்துத் தேறினால் அந்தேரியில் ஒரு ஆபீஸில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்காரப் போகிற முதல் ஆள் அவள்.

"மதினி, ஒரு காப்பி பென் டிரைவ்ல போட்டு வச்சிருதேன்" என்றாள் ஒருநாள்.

"வைரஸ் வரும்" என்றேன்.

"அப்ப மெயில்ல போட்டு வைக்கவா?"

"யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல நம்ம சாமானக் கொண்டு வைக்கவா? நாளைக்கு அவன் தர மாட்டேன்னா என்ன செய்வ?"

கனி சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். படிக்க ஆசைப்பட்ட மதினியை மட்டம் தட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அதோடு நான் நின்றேனா? அவள் பாஸ்வேர்டு 'கனி123' என்று இருந்தது. கேட்டதும் எனக்குப் பகீரென்றது. யாரும் ஊகிக்க முடியாததாக, நமக்கு மறக்க முடியாததாக ஒரு முழு வாக்கியமே வைக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு மதியம், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அத்தையிடமிருந்தே அந்த வாக்கியம் கிடைத்தது. மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்பதால் லேப்டாப்பின் சொந்தக்காரியிடமும் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் "அந்தப் பக்கம் திரும்பு" என்று சொல்லிவிட்டு நானே தட்டிக் கொடுப்பேன். கேட்கவே பைத்தியக்காரத்தனமாக, எங்கள் ஊர்ப் பேச்சில் கோட்டித்தனமாக, இருக்கிறதா? செய்யும்போது எனக்கு வங்கி மேனேஜர் மாதிரி இருந்தது.

ப்ராஜெக்ட் கொடுப்பதற்கு முந்தின நாள் நல்ல மழை. காலையில் நான் திறந்து கொடுத்த லேப்டாப்போடு கல்லூரிக்குப் போய்விட்டு வந்த கனி, பையை வைத்துவிட்டு, பைண்டிங் கடையில் சொல்லிவைக்கச் செம்பூருக்குக் கிளம்பிவிட்டாள். நான் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். லேப்டாப்பை எடுத்தேன். அதன் மூலையில் ஒரு பொட்டு ஈரம். போட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் ஈரம் ஆகவே ஆகாதே!

தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும் என்று ஊரே சொல்கிறது. இட்லிக்காரர் வீட்டில் அரிசிக்கா பஞ்சம்? மூட்டையைப் பிரிக்கச் சோம்பல். அளந்து போட்ட அரிசி நீல டிரம்மில் தயாராக இருந்தது. லேப்டாப்பை இட்லித் துணியில் சுற்றி, குழி பறித்து, உள்ளே இறக்கி மூடினேன். மேலே கையால் மட்டமாகத் தடவியும் விட்டேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

அரிசி ஏன் டிரம்மில் அளந்து தயாராக இருந்தது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் மதியம் கொஞ்ச நேரம்தான் வரும். வந்ததும் முதல் தண்ணீர் அரிசிக்கு. அதனால் காலையிலேயே அரிசியை அளந்து வைத்துவிட்டுக் காத்திருப்போம். யாராவது இந்தியில் "பானி ஆயா!", தண்ணீர் வந்தாச்சு, என்று கத்தினால், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள், சண்டை போடுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். யோசிக்கிற வேலையே கிடையாது.

"பானி ஆயா!"

என் கால்கள் ஓடின. கை ரப்பர் குழாயைப் பிடித்தது. டிரம்முக்குள் விட்டது. நானே விட்டேன். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. டிரம் நிறைகிற வரைக்கும் நின்று, அடுத்த குடத்துக்குக் குழாயை மாற்றி, மீதிப் பாத்திரங்களையும் பிடித்து முடித்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபோது கனி படியேறி வந்தாள்.

"மதினி, என் லேப்டாப்ப எங்க வச்சிருக்கிய?"

நான் டிரம்மைப் பார்த்தேன். அரிசி ஊறத் தொடங்கும்போது அங்கங்கே குமிழ் வரும். அன்றைக்கு ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. என் விரல்கள் டிரம் விளிம்பில் கன்ட்ரோலையும் இசட்டையும் தேடி அழுத்தியது சத்தியம்.

கை விட்டு வெளியே எடுத்தோம். பொத்தான்களுக்கு நடுவே எல்லாம் அரிசி. கனி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்குக் கொடுக்கணும் மதினி" என்று மட்டும் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பிள்ளையின் ஆபீஸ் நாற்காலியை என் கையாலேயே தண்ணீரில் முக்கிவிட்டேனே!

அத்தைதான் முந்தானையை உதறிச் செருகினார். "ரெண்டு பேரும் எந்திரிங்க. குர்லாவுல நம்மட்ட இட்லி வாங்குதாள்லா நஸ்ரீன், அவ கம்ப்யூட்டர் ரிப்பேர் கடதான வச்சிருக்கா. இப்பமே போவோம்."

சயானிலிருந்து குர்லா அடுத்த ஸ்டேஷன். லேடீஸ் பெட்டியில் நான் லேப்டாப்பை மடியில் வைத்திருக்க, அது என் சேலையெல்லாம் சொட்டியது. எதிரே இருந்த ஒரு பெண் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "சாவல் மே ரக் தோ, தீதி" என்றாள். அரிசியில் போட்டு வைக்கச் சொல்கிறாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கனி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நஸ்ரீன் கடைக்குள் நாங்கள் நுழைந்ததும், "மழையில் நனைந்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டார்.

"நஹி. சாவல் மே பீகா" என்றார் அத்தை. இல்லை, அரிசியில் நனைந்தது.

அரிசியில் காய்ந்த கதைதான் நஸ்ரீன் அதுவரை கேட்டிருக்கிறார். லேப்டாப்பைக் கவிழ்த்தார். கண்ணாடி மேசை மேல் அரிசி உதிர்ந்தது. ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்து, "இட்லிக்கா, தோசைக்கா?" என்று கேட்டுவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சத்தமாகச் சிரித்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும்தான் நிறுத்தினார்.

பின்பக்கத்தைத் திறந்து ஆராய்ந்து, இந்த உடம்பில் இனி உயிரில்லை என்று கைவிரித்தார். ஆனால் உள்ளே இருந்து ஒன்றைக் கழற்றினார். சூயிங்கம் பட்டை அளவு. அதைத் துடைத்து, ஏதோ மருந்து தடவி, சிறிய விளக்கின் சூட்டில் உலர்த்தினார். "எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது" என்றார்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கனி நடந்த சந்துகள், பேசிய மனிதர்கள், எடுத்த படங்கள், தூங்காமல் தட்டிய எழுத்துகள் எல்லாமே அந்தத் துண்டுக்குள்ளா? வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவக்கூட அதில் இடம் பத்தாது. வகுப்பில் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது எனக்கு எதைக் கும்பிடுகிறோம் என்றே தெரியாது. அன்றைக்குத் தெரிந்துதான் கும்பிட்டேன்.

பட்டையைக் கடையில் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பில் பொருத்தி நஸ்ரீன் உயிர்ப்பித்தார். திரை ஒளிர்ந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து நின்றது.

"பாஸ்வேர்டு போலோ" என்றார், சொல்லுங்கள் என்று.

"நானே தட்டுகிறேன்" என்றேன். ஈரக் கையோடு ஒருவரும் என் மிஷினைத் தொடக் கூடாது என்றுவிட்டார் நஸ்ரீன். பக்கத்தில் அத்தை. வேறு வழியில்லாமல் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக மெதுவாகச் சொன்னேன். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது என்ற ஒரே தைரியம்தான். கனி எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே வந்தவள் திடீரென்று வாயைப் பொத்தினாள். மதியத்திலிருந்து அழுத கண்ணோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்னளா அது?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்த."

"ஏட்டி கனி, நீ சொல்லு."

கனி மூச்சு வாங்கிக்கொண்டு படித்தாள். "அத்தை குறட்டை குர்லா வரை கேட்கும்."

நாங்கள் நின்றுகொண்டிருந்ததே குர்லா. எனக்கு அந்தக் கடைக்குள் இருந்த ஏதாவது ஒரு பெட்டிக்குள் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. நஸ்ரீன் ஒன்றும் புரியாமல் என்டரைத் தட்டினார். கட்டம் மறைந்தது. கதவு திறந்ததுபோல எல்லாம் வந்தது. ப்ராஜெக்ட்டின் முதல் பக்கம், அதில் ஆவிக்கு நடுவே இட்லித் தட்டோடு நிற்கிற அத்தையின் படம்.

அத்தை தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தியாளா? நீ சொன்னது சரின்னு மிஷினே ஒத்துக்கிட்டு!"

நான் அங்கேயே அழுதுவிட்டேன். நஸ்ரீன் ஒரு காப்பியைப் பென் டிரைவில் போட்டார், ஒன்றைக் கனியின் மெயிலுக்கு அனுப்பினார். வைரஸைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கனி மறுநாள் ப்ராஜெக்ட்டைக் கொடுத்தாள். இந்தத் தொழிலில் எது கஷ்டம் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டதற்கு, "தண்ணீர் வருகிற நேரம்" என்றாளாம். தேறிவிட்டாள்.

லேப்டாப் ஊறிய அரிசியை அத்தை முழுவதும் கொட்டிவிட்டார். அதனால் அடுத்த நாள் எங்கள் வீட்டில் இட்லி இல்லை. ஏன் இல்லை என்று கேட்ட ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் என் கணவர் காரணத்தை விளக்கினார். (வயிற்றுவலி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என்னைக் கட்டிக்கொண்ட மனுஷர் அவ்வளவு உத்தமர்.) சயான் முதல் மாட்டுங்கா வரைக்கும் கதை போய்ச் சேர்ந்தது.

இப்போது எங்கள் வீட்டில் வைஃபை இருக்கிறது. பாஸ்வேர்டு பழையதேதான், மாற்ற அத்தை சம்மதிக்கவில்லை. விருந்தாளிகள் கேட்டால் அவரே எழுந்து நின்று, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்கிறார். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது என்று லதா மேடம் சொன்னது அவரிடம் எடுபடவில்லை.

கனி இப்போது அந்தேரியில் அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மதியம் தண்ணீர் வருகிற நேரத்துக்குச் சரியாக அங்கிருந்து போன் வரும். சாப்பிட்டாயா, எப்படி இருக்கிறாய் எல்லாம் அப்புறம்தான்.

"மதினி, டிரம்முக்குள்ள கைய விட்டுப் பாத்தியளா?"

"பாத்துட்டேன்" என்பேன். சும்மா சொல்லவில்லை. தோள்பட்டை வரைக்கும் கையை விட்டு, அடி வரை துழாவிப் பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் குழாயை வைக்கிறேன்.