அளவுகோல் அக்கா

பூமத்திய ரேகையை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு கிடையாது. வரைந்த நாளிலிருந்து வரைந்த இடத்திலேயே கிடக்கிறது. ஓர் அங்குலம் முன்னேறியதில்லை. எங்கள் சமூகப் பாதுகாப்பு நிதி அலுவலகம் போடும் கோடு அப்படிப்பட்டதல்ல. அது வருடா வருடம் நகரும். ஆண்டின் முதல் நாள் மக்கள் கண் விழிக்கும்போது கோடு புது இடத்தில் குடியேறியிருக்கும். மனிதகுலம் கண்ட கோடுகளிலேயே சுறுசுறுப்பானது இதுதான் என்று அலுவலக ஆண்டு மலரில் ஒரு கட்டுரை எழுதும்படி தலைவர் பணித்திருக்கிறார். 'விகித, வரம்பு மாற்றக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் மனமுவந்து எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் சம்பளத்தில் ஒரு பங்கை எங்கள் நிதிக்குச் செலுத்த வேண்டும். முதலாளியும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். அந்தப் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்பதுதான் விகிதம். செலுத்துகிறவருக்கு ஓர் அட்டை தருவோம். அட்டை இருந்தால் நோய்க்கு வைத்தியம், வயதான காலத்தில் ஓய்வூதியம். ஆனால் சம்பளம் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் செலுத்த வேண்டியதில்லை. 'ஏழையின் சம்பளத்தில் கை வைக்காதே' என்பது எங்கள் தாரக மந்திரம். செலுத்தாதவருக்கு அட்டையும் கிடையாது என்பது மந்திரத்தின் பிற்பகுதி. அதைச் சிறிய எழுத்தில் அச்சிடுவோம்.

விகிதத்தை எதற்கு ஒவ்வொரு ஆண்டும் மாற்றுகிறோம் என்று புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் கேட்டுவிட்டார். மாற்றாவிட்டால் மாற்றக் குழு எதற்கு என்று தலைவர் தன்மையாகத் திருப்பிக் கேட்டார். உறுப்பினர் உடனே கருத்தை மாற்றிக்கொண்டார். அந்த ஆண்டின் முதல் மாற்றம் அதுதான்.

தசமப் புள்ளிக்கு அப்பால் கடைக்கோடியில் ஒளிந்திருக்கும் எண்களையெல்லாம் பார்க்க வேண்டிய வேலை இது. ஆகவே குழுவினர் ஏழு பேருக்கும் நிதியின் செலவில் ஆண்டுதோறும் கண் பரிசோதனை உண்டு. தேவைப்பட்டவர்களுக்குக் கண்ணாடி, தேவைப்படாதவர்கள் மனம் கோணாமல் இருக்க வெயில் கண்ணாடி. இதைச் 'சலுகை' என்று வெளியே சிலர் பேசுகிறார்கள். கோடு போடுகிறவனுக்குக் கண் தெரிய வேண்டாமா?

கோடு உண்மையில் இரண்டு. மேல்கோட்டுக்கு மேலே எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அந்த மிச்சத்தில் நிதி கை வைக்காது. மேல்கோட்டைப் போடுவது எளிது. தலைவருக்குச் சம்பள உயர்வு வரும்போது, அந்த உயர்வு முழுவதும் கோட்டுக்கு மேலே விழும்படி பார்த்துக்கொண்டால் போதும். கீழ்க்கோடுதான் சிக்கல். 'ஆகக் குறைந்த ஊதியத்துக்குச் சற்று மேலே' என்கிறது சட்டம். ஆகக் குறைந்த ஊதியம் வாங்குகிறவர் யார், எங்கே இருக்கிறார்?

அந்தக் காலத்தில் இதற்காகக் கணக்கெடுப்பாளர்களை அனுப்பினார்களாம். அவர்கள் போன ஊர்களில் எல்லாம் நல்ல விடுதிகள் இருந்ததால் ஏழைகளைச் சந்திக்க வாய்க்கவில்லை. பயணப்படி மட்டும் வந்து சேர்ந்தது. அப்போது இப்போதைய தலைவர் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தார். கூட்டத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மேசையின் மறுகோடியில் ஓர் அம்மாள் ஈரத்துணியால் கண்ணாடிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துப்புரவு ஒப்பந்தக்காரரின் ஆள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று தலைவருக்குத் தோன்றியது. அறிவியல் உலகில் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படித்தான் நிகழ்ந்திருக்கின்றன.

"உனக்கு மாசம் எவ்வளவும்மா வருது?" என்று கேட்டார். அவள் சொன்னாள். புள்ளிவிவர உறுப்பினர் குறித்துக்கொண்டார். அதற்கு ஒரு விரற்கடை மேலே கோடு போடப்பட்டது. கூட்டம் தேநீருக்கு முன்பே முடிந்தது.

அன்று முதல் அது மரபாகிவிட்டது. ஆண்டுதோறும் கூட்ட நாளில் தலைவர் மணியை அழுத்துவார், அவள் துணியும் வாளியுமாக உள்ளே வருவாள், சம்பளத்தைக் கேட்போம், அவள் சொல்வாள், நாங்கள் கோட்டை அதற்குமேல் ஏற்றுவோம். கோப்புகளில் அவளுக்கு 'ஆதார ஊதியர்' என்று பெயர். அலுவலகத்தில் எல்லோரும் அளவுகோல் அக்கா என்பார்கள். எனக்குத் தெரிந்து எந்த நாட்டிலும் ஒரு துப்புரவுத் தொழிலாளிக்குக் கொள்கை வகுப்பில் இவ்வளவு பெரிய இடம் தரப்பட்டதில்லை. நாற்காலிதான் தரவில்லை.

அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் வரவேற்பறைச் சுவரில் 'அட்டை பெற்றுவிட்டீர்களா?' என்று கேட்கும் பெரிய விளம்பரப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. தினமும் அதன் கண்ணாடியைத் துடைப்பது அவள்தான். தினமும் ஒரு கேள்வியைத் துடைத்தால் பதில் சொல்லத் தோன்றுமல்லவா? மேலும் அவளுடைய இரண்டு கண்களிலும் புரை விழுந்திருந்தது.

"எடுத்துட்டா பளிச்சுனு தெரியுமாம் தம்பி. அட்டை இருந்தா ஆபரேஷன் காசில்லாம பண்ணுவாங்களாம். நம்ம ஆபீஸ் அட்டைதான்" என்று என்னிடம் சொன்னாள். 'நம்ம ஆபீஸ்' என்று அவள் சொன்னதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

கோட்டைத் தாண்ட அவள் எடுத்த முயற்சிகளை ஒரு தனி மலராகவே போடலாம். மேற்பார்வையாளரிடம் மன்றாடி இன்னொரு மாடியையும் கூட்டுவதாக ஏற்றுக்கொண்டாள். சம்பளம் கொஞ்சம் ஏறியது. கூட்டத்தில் கேட்டோம், மலர்ந்த முகத்தோடு சொன்னாள், கோட்டை ஏற்றினோம். மறு ஆண்டு கழிப்பறைகளையும் ஏற்றுக்கொண்டாள், கோட்டையும் ஏற்றினோம். அதற்கடுத்த ஆண்டு மாடிப்படிகள். ஒருவர் உழைப்பால் நாட்டின் வரம்பே உயர்வதை நான் கண்ணால் கண்டேன்.

"இந்த வருஷமும் நூலிழையில போச்சு" என்று ஒவ்வொரு முறையும் வந்து சொல்வாள். அடுத்த வருடம் பார்க்கலாம் அக்கா என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

"பாக்கலாம் தம்பி. கண்ணு இருந்தா பாக்கலாம்" என்பாள்.

ஒரு தடவை எனக்கே மனசு கேட்கவில்லை. கூட்டத்துக்கு முன்பு அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, கேட்டால் கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள் என்று காதோடு சொன்னேன். அவள் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அவ்வளவு பெரியவங்க நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுக் கேக்குறாங்க. அவங்ககிட்ட போயி பொய் சொல்லச் சொல்றீங்களா?"

உள்ளே போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கோடு ஏறியது. எங்கள் புள்ளிவிவரங்களின் நம்பகத்தன்மையை ஐயப்படுகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

போன ஆண்டு ஒரு பேரிடர் நிகழ்ந்தது. தலைவர் கூட்ட மேசையில் முழங்கையை ஊன்றினார். அங்கே முந்தைய நாளின் காபிக் கறை வட்டமாக இருந்தது. தலைவரின் வெள்ளைச் சட்டைக்கு அது இடம்பெயர்ந்தது. கீழ்க்கோட்டை அரை நாழிகையில் போட்டுவிடும் குழு, அந்தக் கறையைப் பற்றி மாலைவரை விவாதித்தது. மேசையைத் துடைத்தவருக்குக் கறை தெரியவில்லை என்பது விசாரணையில் புலப்பட்டது. ஏன் தெரியவில்லை என்பது விசாரணையின் வரம்புக்குள் வரவில்லை. ஒப்பந்தக்காரருக்குத் தாக்கீது போயிற்று. அதை எழுதியவன் நான். நடை நன்றாக அமைந்திருப்பதாகத் தலைவர் பாராட்டினார்.

ஒப்பந்தக்காரர் விவரமான ஆள். பார்வை சரியில்லாதவரை வைத்துக்கொண்டு பழி சுமக்க முடியாது என்று அக்காவை அன்றே அனுப்பிவிட்டார். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வரவேற்பறைப் படத்தையும் கடைசியாக ஒரு முறை துடைத்துவிட்டுப் போனாள் என்று காவலாளி சொன்னார்.

இந்த ஆண்டுக் கூட்டம் வந்தது. தலைவர் மணியை அழுத்தினார். புதிய துப்புரவுப் பெண் உள்ளே வந்தாள். சம்பளத்தைக் கேட்டோம். பயந்துகொண்டே சொன்னாள். புதிதாகச் சேர்ந்தவள் அல்லவா? அக்கா மாடி மாடியாக ஏறிச் சேர்த்த உயர்வுகள் எதுவும் அவளுக்கு இல்லை. புள்ளிவிவர உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். அதே தொகைதான். எங்கள் நிதியின் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கீழ்க்கோடு இறக்கப்பட்டது. புதியவளின் தலைக்குச் சற்று மேலே, மரபு வழுவாமல் நிறுத்தப்பட்டது.

செய்திகளில் இதைக் 'கருணை மிகுந்த முடிவு' என்றார்கள். தலைவர் பேட்டியெல்லாம் கொடுத்துவிட்டு வந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம பழைய அம்மா வாங்கிட்டிருந்த சம்பளம் இப்ப கோட்டுக்கு மேல வருதேய்யா. கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க. புது விகிதப் புத்தகம் ஒரு பிரதி கொண்டுபோய் கையில குடுத்துட்டு வாங்க."

அவர் மனம் யாருக்கு வரும்? என் மேசையில் இருந்த புதிய விகிதப் புத்தகங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். சந்துக்குள் சந்தாகப் போய், ஒற்றை அறை வீடு. அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வணக்கம் சொன்ன பிறகுதான் இன்னார் என்று தெரிந்துகொண்டாள். புத்தகத்தைக் கையில் வாங்கி மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி. இந்த வருஷம் நான் மேலயா, கீழயா?"

"நீங்க வாங்கின சம்பளத்துக்கு… மேலதான் அக்கா."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம். உள்ளே இருந்த மகளிடம் திரும்பி, நாம தாண்டிட்டோம் என்று சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், அட்டை எப்போது வரும் என்று. சிறிய எழுத்துப் பகுதியை நான் விளக்கினேன். கோடு வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றும், வேலை போனவருக்கு மேலும் இல்லை கீழும் இல்லை என்றும், இதில் யாரும் தவறு செய்யவில்லை என்றும் தெளிவாகச் சொன்னேன்.

புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன். அவள் அதைப் பழக்க தோஷத்தில் உள்ளங்கையால் துடைத்துக்கொண்டேயிருந்தாள். புத்தகத்தின் மேலட்டையில் நிதியின் பெயருக்கு மேலே என் காபி சிந்திய கறை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி எல்லா இடத்தையும் துடைத்தாள். கறை மட்டும் அப்படியே இருந்தது. சுத்தமா இருக்கா தம்பி என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

இருக்கிறது என்றேன்.

கட்டுரையின் இறுதியில் குழுவினரின் சிறப்புத் தகுதிகளைக் குறிப்பிட வேண்டும் என்று மலர்க்குழு கேட்டிருக்கிறது. ஒன்று சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். எங்கள் ஏழு பேருக்கும் கண் நன்றாகத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் பரிசோதித்து, சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறோம்.