சிக்கமகளூரில் பெய்யாத மழை

மேகத்தைக் கண்டால் எழுதுகிறவர்களுக்குச் சொல் வரும் என்பார்கள். எனக்குக் கால் வரும்.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் பிறந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அறுவடை நேரத்தில் எங்கள் தார்ச்சாலைகளில் பாதி வண்டிகளுக்கு, மீதி நெல்லுக்கு. மேற்கே ஒரு கீற்றுக் கருப்பு தெரிந்தால் போதும், வாலாஜாபாத் பேருந்தே ஓரங்கட்டும். ஓட்டுநர் இறங்குவார், நடத்துநர் இறங்குவார், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைக் கசக்கியபடியே இறங்குவார். யார் நெல், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் அப்போது கணக்கில்லை. குவிப்போம், மூடுவோம், ஏறி உட்காருவோம். நன்றி சொல்கிற வழக்கம்கூடக் கிடையாது. (பார்த்தும் பாராமல் போனவனைப் பற்றி மட்டும் அவன் பேரன் காலம்வரை பேசுவோம்.)

இந்த நற்குணத்தை வைத்துக்கொண்டுதான் என் தம்பி குமரனின் கல்யாணத்தை ஒரு ஜனவரி காலையில் குழி தோண்டிப் புதைக்கப் பார்த்தேன்.

குமரனுக்குப் பெங்களூரில் வேலை. அதே அலுவலகத்தில் சைத்ரா. அவள் சிக்கமகளூருப் பெண். அவளுடைய அப்பா ருத்ரப்பாவுக்கு ஊருக்கு மேலே மலைச்சரிவில் சின்னதாக ஒரு காபித் தோட்டம், ஊர் ஓரத்தில் ஓட்டு வீடு, ஒரே மகள். விஷயத்தைச் சொன்னபோது அவர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "வாருங்கள், பார்க்கலாம்" என்றாராம். அப்பா மனம் ஒப்பாமல் சைத்ரா வரமாட்டாள். அவளை அப்படி வரச்சொல்லிக் குமரனும் கேட்கமாட்டான். அதை அவர்கள் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஆக, அந்தப் 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லில் என் தம்பியின் ஆயுசு தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் அம்மா இல்லை. அதனால் நைனாவோடு, அம்மாவின் இடத்தில், நான் போனேன். என் வீட்டுக்காரர் அறுவடை இயந்திரத்துக்காகக் காத்துக்கிடந்தார், வரவில்லை. மலையேறும் பேருந்தில் குமரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நீ ஒண்ணும் பண்ணாத. சும்மா ஒக்காந்துக்கினு இரு. அது போதும்."

"பேசலாமா?"

"கம்மியா."

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. வசனமும் கவிதையும் பாதிப்பாதியாக எழுதித் திரிகிறவள் நான். கடைசியாக ஒரு சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில், தட்டு மாற்றும் நேரத்தில், மாமரத்தடியில் நின்று அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் என்னைத் தேடினார்கள்.

முந்தின நாள் மாலையே போய் ஒரு விடுதியில் தங்கினோம். விடியலில் நான் மட்டும் தெருவுக்கு வந்தேன். அப்படியொரு ஊரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. எந்தத் தெருவில் திரும்பினாலும் அதன் முடிவில் ஒரு மலை நின்று, யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தது. எங்கள் ஊரில் வெயில் எல்லாவற்றுக்கும் ஓரம் வெட்டி வைத்திருக்கும். சுவர் என்றால் சுவர், நிழல் என்றால் நிழல். இங்கே எதற்கும் ஓரம் இல்லை. வீடுகள் மரங்களுக்குள் கரைந்தன. மரங்கள் பனிக்குள் கரைந்தன. பனிக்குள்ளிருந்து கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் சைக்கிளில் வந்தார். என்னைக் கடந்ததும் மறுபடி பனியாகிவிட்டார். கடைத்தெருவில் யாரோ காபிக்கொட்டை வறுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வாசனை கூடவே நடந்து வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. ஊர் இன்னும் தூங்குகிறது, அதன் கனவுக்குள் நான் செருப்போடு நடக்கிறேன் என்று ஒரு வரி மனசுக்குள் ஓடியது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். (கால் விறைத்துப்போய்த் திரும்பி வந்தவளைப் பார்த்து நைனா, "செருப்பு அறுந்து பூட்ச்சா?" என்றார்.)

ருத்ரப்பா வீட்டில் எங்களை மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். மரியாதை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. தோட்டத்து வேலையாட்களிடம் பேசிப் பேசி அவருக்குத் தமிழ் வந்திருந்தது. ஆற்றைக் கடக்கிறவர் கல் பார்த்துக் கால் வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைப்பார். சைத்ராவின் அம்மா அரிசி ரொட்டியும் காபியும் கொண்டுவந்து வைத்து, சிரித்துவிட்டு, கதவோரம் நின்றுகொண்டார். குமரன் நாற்காலியின் நுனியில் இருந்தான். நைனா வெள்ளை வேட்டி சட்டையில், தேர்வு எழுத வந்தவர்போல இருந்தார்.

"உங்க ஊர்ல குளிர் எந்த மாசம் வரும்?" என்று ருத்ரப்பா கேட்டார்.

நைனா யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. "வராதுங்க" என்றார்.

பிறகு சுவர்க்கடிகாரம் மட்டும் பேசியது. ருத்ரப்பா மகளைப் பார்த்தார். வேலை பெங்களூரில் என்றாலும் இந்தப் பெண்ணை அந்த வெயிலுக்கு மருமகளாக அனுப்புவதா என்று அவர் கண் கேட்டது எனக்குக்கூடப் புரிந்தது. குமரனுக்குப் புரியாமலா இருக்கும்? அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மௌனத்தில் என்னால் இருக்க முடியவில்லை. பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே ஒரு மஞ்சள் வெளிச்சம் கூப்பிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னதை மறந்து எழுந்து போனேன்.

வீட்டுக்குப் பின்னால் அகலமான சிமெண்டுக் களம். களம் முழுக்கக் காபி காய்ந்துகொண்டிருந்தது. சிவப்புப் பழத்தோலை நீக்கிக் கழுவிய கொட்டைகள், மேலே மெல்லிய உமி போர்த்தியவை. தூரத்திலிருந்து பார்த்தால் சத்தியமாக நெல். அதே வைக்கோல் நிறம், அதே மினுக்கம். நடுவில் நடக்க வழிவிட்டு மூன்று பாத்திகளாகப் பரப்பியிருந்தார்கள். (மூன்றாக ஏன் இருக்கின்றன என்று யோசிக்க அறிவு வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் உவமைதான் வந்துகொண்டிருந்தது.) ஓரத்தில் மடித்த தார்ப்பாய், சுவரில் சாய்த்த தள்ளுபலகைகள். நீளக் கம்பின் முனையில் பலகை அடித்தது. எங்கள் களத்தில் இருப்பதற்கு உடன்பிறந்தது. சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது.

அப்போது மலை காணாமல் போனது.

முதலில் உச்சி, பிறகு தோள், பிறகு இடுப்பு. யாரோ மெதுவாக அழித்துக்கொண்டே வந்தார்கள். வெள்ளையாக இறங்கியது சரிவில் சாம்பலானது, வேலியருகே கருத்தது. காற்று ஒருமுறை ஜில்லென்று முகத்தில் தொட்டது. என் கன்னத்தில் ஒரு துளி. 'வானம் தன் கையெழுத்தை' என்று ஒரு வரி தொடங்கியது. அது முடிவதற்குள் பட்டுப்புடவையை இழுத்து இடுப்பில் செருகிவிட்டிருந்தேன்.

"மழ வருது! மழ வருது!"

அது என் குரல்தான் என்று பிறகு சொன்னார்கள். தள்ளுபலகையை எடுத்து முதல் பாத்தியை நடுவுக்குத் தள்ளினேன். அடுத்த நொடி பின்கட்டுக் கதவு படாரென்று சுவரில் மோதியது. என் சத்தம் காதில் விழுந்ததும் நைனா, ஏதோ கேட்டுக்கொண்டிருந்த சம்பந்தியை அப்படியே விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். அறுபது வருஷமாக ஓடிய கால். அது எந்த ஊர் என்று பார்க்கவில்லை. எனக்கு முன்னால் மூன்றாவது பாத்தியைக் குவித்தார். "அந்தாண்ட தள்ளு, அந்தாண்ட" என்று எனக்கு உத்தரவும் போட்டார். இருவருமாக மூன்றையும் ஒன்றாக்கி, நடுவில் கோபுரமாக எழுப்பி, தார்ப்பாயை உதறிப் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்தோம். அவ்வளவு நேர்த்தியாக எங்கள் நெல்லைக்கூட நாங்கள் மூடியதில்லை.

மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தேன். வீட்டுப் படியில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். சைத்ராவின் அம்மா கைகூப்பி நின்றார். (பெண் பார்க்க வந்தால் தமிழர்கள் செய்கிற சடங்கு போலிருக்கிறது என்று நினைத்தாராம். சைத்ரா பிறகு சொன்னாள்.) குமரன் தலையில் கைவைத்திருந்தான்.

மேகம் எங்களைச் சுற்றி வந்தது. ஒரு கணம் யாரையும் யாருக்கும் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் நான் மிகவும் நிம்மதியாக இருந்தேன். ஒரு குடும்பத்தின் விளைச்சலைக் காப்பாற்றிய பெருமிதம் உடம்பெல்லாம் வெதுவெதுத்தது. பிறகு மேகம் எங்களைக் கடந்து, வேலி தாண்டி, பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விட்டது. பின்னாலேயே வெயில் வந்தது. சுத்தமான, பளிச்சென்ற, துடைத்து வைத்த வெயில். ஒரு சொட்டு மழை இல்லை. அது தினமும் காலையில் வருகிற பனி.

ருத்ரப்பா இறங்கி வந்தார். தார்ப்பாயின் ஒரு மூலையை நீக்கி, குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையே வழியவிட்டார். கோபத்தில் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாக, கல் பார்த்துக் கால் வைத்துச் சொன்னார். ஒன்று நேற்றுக் கழுவியது, ஈரம். ஒன்று பாதி காய்ந்தது. மூன்றாவது மேல்சரிவின் பழைய செடிகளில் தனியாகப் பறித்து, தனியாகக் கழுவி, தனியாகக் காயவைத்தது. இந்த வருஷம்தான் முதன்முறையாக அப்படிச் செய்து பார்த்திருக்கிறார். நாளை மறுநாள் அதைப் பார்த்து நல்ல விலைக்கு வாங்க ஒருவர் வருவதாக இருந்தார்.

ஈரத்தையும் காய்ந்ததையும் கலந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நைனாவுக்கும்தான். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. குமரன் என் அருகே வந்தான். ஐந்து வருஷப் பெங்களூர் அவன் வாயிலிருந்து உதிர்ந்து போயிருந்தது.

"இன்னா சொன்னேன் உன்ன? சும்மா ஒக்காந்துக்கினு இருன்னுதானே சொன்னேன்?"

நான் தள்ளுபலகையைப் பழையபடி சுவரில் சாய்த்து வைத்தேன்.

ருத்ரப்பா நைனாவைப் பார்த்துக் கேட்டார். "காபி என்னோடது. ஓடச்சொல்லி யாரும் சொல்லல. ஏன் ஓடினீங்க?"

நைனா மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு நின்றார். "தெரியலீங்க. காயுறது நனையக்கூடாதுங்க. யாருதுன்னு பாத்துக்கினு நின்னா நனைஞ்சி பூடும்."

ருத்ரப்பா தார்ப்பாயை முழுக்க இழுத்துப் போட்டார். அப்படியே கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும், மெல்லிசாகப் பரப்பி நாள் முழுக்கக் கிளறவேண்டும் என்றார். அவர் ஒரு பலகையை எடுத்தார். நைனா இன்னொன்றை எடுத்தார். சைத்ரா பைஜாமாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். குமரன் காலுறையைக் கழற்றினான்.

அன்று முழுவதும் பெண் பார்க்கும் படலம் வெறுங்காலோடு நடந்தது. காலாலும் பலகையாலும் கிளறிக் கிளறி, பிறைபிறையாகக் கோடு போட்டு, களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தோம். மலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. ஒவ்வொரு முறை மறையும்போதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நைனாவும் ருத்ரப்பாவும் முதலில் பேசாமல் கிளறினார்கள். பிறகு ஈரம் பார்ப்பது பற்றிப் பேசினார்கள். பல்லில் கடித்துப் பார்ப்பதுதான் இருவருக்கும் வழக்கம் என்று தெரிந்தது. மத்தியானத்தில் கூலியாள் கிடைக்காதது பற்றி, வாங்க வருகிறவனின் தந்திரம் பற்றி. சாயங்காலம் ஒருவர் பலகையை இன்னொருவர் பிடுங்கி, "இப்படி" என்று காட்டுகிற அளவுக்குப் போய்விட்டது. குளிர் எந்த மாசம் வரும் என்று மறுபடி யாரும் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் படியில் உட்கார்ந்தோம். குமரன் என்னுடன் பேசவில்லை. சைத்ரா அவனுக்கு இரண்டு படி தள்ளி உட்கார்ந்து, அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ருத்ரப்பா களத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"இது இனிமே விக்க முடியாது."

நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

"விக்க முடியாது. குடிக்கத்தான் வேணும்." பாதத்தில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டார். "இவ்ளோ நான் ஒருத்தன் குடிக்க முடியாது. பொண்ணு வரும்போது பாதி மூட்டை அங்க வரும். நீங்களும் குடிங்க."

புரிய எங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது. முதலில் புரிந்தது சைத்ராவுக்கு. அவள் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். குமரன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அவன் மேலெல்லாம் காபி வாசனை.

அந்தக் காபி சீர்வரிசையில் வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மூட்டையாக வந்து இறங்கியது. கல்யாண விருந்துக்கும் அதுதான். ஒரு வாய் புளிப்பு, ஒரு வாய் மண், ஒரு வாய் எங்கிருந்தோ பூ. ஒரே டம்ளருக்குள் மூன்று பேர் சண்டை போடுவார்கள். தீர இரண்டு வருஷமாயிற்று. தீர்ந்தபிறகும் எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் காபி சரியாக அமையாவிட்டாலும் 'அக்கா காபி' என்றுதான் பெயர். சைத்ராவின் மகளுக்கு நான் அத்தை. அவளும் 'அக்கா காபி' என்றுதான் சொல்கிறாள்.

மேல்சரிவுக் கொட்டையை ருத்ரப்பா இப்போதும் தனியாகத்தான் காயவைக்கிறார். வாங்குகிறவர்களும் வருகிறார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு காலை எனக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது.

"மதி, இங்க பனி இறங்குது. நீ அங்கியே இரு" என்பார். வைத்துவிடுவார்.