பெண் பார்க்கப் போய் அட்மிஷன் போட்ட கதை

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை

மகா மரியாதைக்குரிய அத்திம்பேர் சங்கர்ராம் அவர்களுக்கு, மச்சினன் வெங்கிடராமன் குனிந்த தலை நிமிராமல் செய்யும் நமஸ்காரம். இங்கே என் மானத்தைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே உங்கள் முட்டுவலி தேவலையா? போனை நீங்கள் எடுப்பதில்லை, வாட்ஸாப்பிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள். அதனால்தான் தபால்.

"என்னால மாடியேற முடியாது, என் ஸ்தானத்துல நின்னு நம்ம பிள்ளை விஸ்வநாத்துக்குப் பெண்ணைப் பார்த்துட்டு வாடா" என்று நம்பி அனுப்பினீர்கள். அக்கா உங்களிடம் சொன்னதெல்லாம் நிஜம். ஆனால் என் நிலைமையையும் கேளுங்கள். எங்கள் பி.எட். காலேஜில் இந்த வருஷம் பெஞ்சுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிரின்சிபால் நாணு சார், "சாரே, ஆளுக்கு ரெண்டு குட்டிகள். அட்மிஷன் இல்லெங்கில் கிளாஸ் இல்லா, கிளாஸ் இல்லெங்கில் சார் இல்லா" என்றுவிட்டார். ஆளுக்கு ரெண்டு மாணவர்களைப் பிடித்து வராவிட்டால் வேலை போச்சு என்று அர்த்தம். சேர்ந்தால் கும்பளங்கியில் படகுச் சவாரி இலவசம் என்று நோட்டீஸ் அடித்து, இடப்பள்ளி ஜங்ஷனில் என்னை நிறுத்தினார்கள். என்னிடம் படித்த பையன் ஒருத்தன் அதை வாங்கிப் பழம்பொரியை வைத்துத் தின்றுகொண்டே போனான், அத்திம்பேர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நோட்டீஸ் கட்டு இருந்த மஞ்சள் பையில்தான் தாம்பூலத்தையும் போட்டுக்கொண்டு அக்காவோடும் விஸ்வநாத்தோடும் பெண் வீட்டுக்குப் போனேன், புத்தி கெட்டவன். பெண்ணின் அப்பா வெற்றிலைக்கு நடுவிலிருந்து நோட்டீஸை உருவி, "இதென்ன, பையனோட ஜாதகமா?" என்றார். வாயை மூடிக்கொண்டிருக்கலாம் இல்லையோ? வாயா அது! அந்தப் பெண் ஸாதனா, "கணக்கு பி.எட். உண்டோ மாமா?" என்று கேட்டாள். "பாடச் சொல்லுடா" என்று அக்கா தொடையில் கிள்ளினாள். நான் பாடம் எடுக்கச் சொன்னேன். அவள் தட்டிலிருந்த அப்பத்தைப் பிட்டுப் பிட்டுப் பின்னக் கணக்கை விளக்கினாள் பாருங்கோ, விஸ்வநாத் பஜ்ஜியை வாய்க்குக் கொண்டுபோக மறந்து கேட்டுண்டிருந்தான். என் கிளாஸில் ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. "குழந்தே, நீ டீச்சராவே பிறந்தவள்" என்றேன். சத்தியமா, அந்த நிமிஷம் சீட்டு ஞாபகமே இல்லை. அடுத்த நிமிஷம் வந்துடுத்து. அவள் கண் கலங்கி, "இதுவரை யாரும் எங்கிட்ட இப்படிச் சொன்னதில்லை மாமா. ரெண்டு வருஷம் படிச்சு முடிச்சுட்டுத்தான் கல்யாணம் பண்ணிப்பேன்" என்றாள். மறுநாளே வந்து சேர்ந்தும்விட்டாள்.

நாணு சார் ஸ்டாஃப் ரூமில் என்னைக் கட்டிப்பிடித்து லட்டு ஊட்டினார். ரயில் நகரும்போது ஜன்னல் வழியே அக்கா, "நீயெல்லாம் ஒரு தாய்மாமனாடா?" என்றாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. குருவாயூரப்பன் மேல் ஆணை, இனி ஒருத்தரையும் காலேஜுக்குப் பிடிக்க மாட்டேன். வேலை போனால் போகட்டும். விஸ்வநாத்துக்கு, படிப்பே வேண்டாம் என்கிற பெண்ணாக நானே தேடித் தருகிறேன்.

அக்காவின் கோபத்துக்கு நமஸ்காரம். உங்கள் பெண் அம்ருதாவுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மன்னிக்கத் தகாத மச்சினன்
வெங்கிடராமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் விஸ்வநாத் காலேஜுக்கு வந்தான். காக்கநாட்டு வேலையை விட்டுவிட்டானாம். "பண்ணிண்டா அவளைத்தான் மாமா. அதே கிளாஸ்ல எனக்கும் ஒரு சீட்டு தாங்கோ" என்றான். கொடுத்துவிட்டேன். எனக்கு விதித்த ரெண்டும் ஆச்சு, வேலை பிழைத்தது. அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பக்கத்து மேஜை பாக்கியலக்ஷ்மி டீச்சருக்கு இன்னும் ஒன்று குறைகிறதாம், பாவம். அம்ருதாவுக்கு டிகிரி ரிசல்ட் வந்தாச்சோ?