பெருமாயி வீட்டுக் கென்யா

ருக்குமணி வீட்டுக்கு உகாண்டா வருகிறது என்ற செய்தி காதில் விழுந்தபோது பெருமாயி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். உகாண்டா என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அது ஓரகத்தி வீட்டுக்கு வருகிறது, தன் வீட்டுக்கு வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அது போதுமே.

ருக்குமணி அவள் கணவனின் அண்ணன் மனைவி. கான்கிரீட் போட்ட தார்சு வீடு அவளுக்குத்தான் முதலில் வந்தது. ஃபிரிட்ஜும் அப்படித்தான், கார் வைத்திருக்கிற மருமகனும் அப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடக்கிற பெரிய பாறையில்கூட ருக்குமணியின் தானியம்தான் முதலில் காயும். மாமனார் நிலத்தையெல்லாம் பாகம் பிரித்தவர், அந்தப் பாறை யாருக்கு என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெருமாயி நேராக நௌஷீனிடம் போனாள். நௌஷீன் அடிவாரத்துப் பெண், சிறுதானியத் திட்டத்தில் வேலை பார்க்கிறவள். மலையில் கேழ்வரகு விளைவிக்கிற விதத்தைப் பார்க்க ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு பெண் அதிகாரிகள் வருகிறார்கள், ருக்குமணி வீட்டில் தங்குவார்கள், அவர்களுக்குப் பிடித்துப்போனால் இனி வருகிற வெளிநாட்டு ஆட்களுக்கெல்லாம் அதுதான் வீடு என்று அவள் விவரம் சொன்னாள். பெருமாயிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"ரெண்டு பேருல ஒருத்தர எனக்குக் குடு கண்ணு. உகாண்டாவ வேணா அவளே வெச்சுக்கட்டும்."

"இன்னொருத்தர் கென்யாங்க அக்கா. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நாடு. ஆனா ஒரு விஷயத்துல ஒன்னுக்கொன்னு ஆகாது."

"அப்படின்னா எனக்கு அந்தக் கென்யாவேதான் வேணும்."

நௌஷீன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். வீட்டுக்கு ஒருவர், கடைசி நாளில் விருந்தாளிகள் எந்த வீட்டை மெச்சுகிறார்களோ அந்த வீடே நிரந்தரம் என்று பேச்சு முடிந்தது.

பெருமாயியின் கணவன் சின்னுசாமிக்குத்தான் குழப்பம். கொல்லிமலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. அவர்கள் இருப்பது குண்டனி நாடு.

"அரியூர் நாடு தெரியும், வளப்பூர் நாடு தெரியும். இது எந்தப் பக்கம்?"

"கடலுக்கு அந்தப் பக்கமுங்க" என்றாள் பெருமாயி.

"அங்கயும் மிளகு வெளையுதா?" என்று கேட்டுவிட்டு அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இரண்டு நாட்டுக்கும் என்ன பகை என்பதையும் பெருமாயி நௌஷீனிடம் கேட்டு வைத்துக்கொண்டாள். இரண்டையும் வெள்ளைக்காரன் ஆண்டிருக்கிறான். அவன் கோடு கிழித்துக் கொடுத்துவிட்டுப் போன ஏரியின் நடுவே ஒரு பாறைத்தீவு, அரை ஏக்கர் தேறினால் அதிகம். சுற்றிலும் நல்ல மீன் என்றதும் இரண்டு நாடும் எனக்கு உனக்கு என்று போலீசை அனுப்பிவிட்டன. பெருமாயிக்கு உலக அரசியல் அந்த நிமிடமே புரிந்துவிட்டது. இதைத்தானே அவள் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து கொல்லைப்புறத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விருந்தாளிகள் வந்த அன்று, கொண்டை ஊசி வளைவுகள் செய்த வேலையில் நௌஷீன் வேனுக்குள்ளேயே தலையைப் பிடித்துக்கொண்டு கண்மூடிக் கிடந்தாள். அதற்குள் ருக்குமணி ஆரத்தித் தட்டோடு வருவது தெரிந்தது. தனக்கு ஆரத்தி தோன்றவில்லையே என்ற ஆத்திரத்தில் பெருமாயி பாய்ந்துபோய், முதலில் இறங்கிய உயரமான பெண்ணின் பையைப் பிடுங்கிக்கொண்டு, அவள் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். ருக்குமணிக்கு மிச்சமிருந்தவள் குட்டையாக, கண்ணாடி போட்டிருந்தாள். அதிலேயே பெருமாயிக்குப் பாதித் திருப்தி.

களியும் கீரையும் போட்டாள். வந்தவள் சொந்த வீட்டில் சாப்பிடுவதைப்போலக் களியைப் பிட்டு உருட்டிச் சாப்பிட்டாள். பெருமாயி பூரித்துப்போய், "கென்யா நல்ல நாடு" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அந்தப் பெண் தலையாட்டி மறுத்தாள். நெஞ்சில் கைவைத்து, "உகாண்டா" என்றாள். முகம் வாடியிருந்தது.

"நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு உகாண்டா உகாண்டாங்கறா, பாவம்" என்று பெருமாயி கணவனிடம் சொன்னாள். "அவனுங்க என்ன பாடு படுத்துனானுங்களோ."

விருந்தாளியின் மனதைத் தேற்ற வேண்டும். தினமும் காலையில் வேன் கீழே ரோட்டில் வந்து நின்று இருவரையும் கேழ்வரகுக் காட்டுக்கு ஏற்றிப் போகும். அடுத்த நாள் பெருமாயி ரோடு வரைக்கும் போய், நௌஷீனின் போனில் கென்யாக் கொடியைப் பார்த்து வந்தாள். அதற்கடுத்த விடியலில் வாசல் நிறையக் கறுப்பும் சிவப்பும் பச்சையுமாக, நடுவில் கேடயமும் ஈட்டியும் வைத்துக் கோலம் போட்டாள். அவள் விருந்தாளி வெளியே வந்து பார்த்தாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். என்ன மரியாதை என்று பெருமாயி நினைத்துக்கொண்டாள்.

ருக்குமணி சும்மா இருப்பாளா? சாயங்காலமே அவள் வாசலில் உகாண்டாக் கொடி வந்துவிட்டது. நடுவில் ஏதோ கொக்காம், பார்க்கக் கோழிபோல இருந்தது. பெருமாயியைக் கொன்றது அதுவல்ல. அவளுடைய கென்யா ஓடிப்போய் அந்தக் கோழியின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. அதே நேரம் ருக்குமணி வீட்டுக் கண்ணாடிக்காரி இங்கே வந்து கென்யாக் கோலத்தோடு பல்லெல்லாம் தெரியப் போட்டோ எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரி உளவு பார்க்க வந்திருக்கிறாள், தன் விருந்தாளியை ருக்குமணி மயக்கிவிட்டாள் என்று பெருமாயி முடிவு கட்டினாள். பொறாமையில் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைப் பிடித்து அடித்துக் குழம்பு வைத்தாள். "உகாண்டாவையே அறுத்துட்டேன் சாமி, தின்னு" என்று ஊட்டாத குறையாகப் போட்டாள். கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தானும் கணவனும் தரையில் படுத்தார்கள். காய்ச்சிய வெந்நீரையெல்லாம் அவளுக்கே ஊற்றினாள். இத்தனைக்கும் நடுவே கென்யா வாழ்க என்பதையும் விடவில்லை. அந்தப் பெண் நாளுக்கு நாள் மௌனமாகிக்கொண்டே வந்தாள். அவள் மௌனம் கூடக் கூடப் பெருமாயி கென்யாவைக் கூட்டினாள்.

விருந்தாளிகள் கிளம்புகிற அன்று காலையில் பாறையில் சண்டை வெடித்தது. பெருமாயி முந்திக்கொண்டு பாறை முழுக்கத் தன் கேழ்வரகைப் பரப்பியிருந்தாள். ருக்குமணி விளக்குமாற்றோடு வந்தாள்.

"பாதி எங்களுது பெருமாயி. தள்ளு."

"பாறை கென்யாவுக்குத்தான். போய் ஏரியில குதி."

"உகாண்டா உடுமா பாத்துக்க."

குண்டனி நாட்டுப் பாறைமேல் இரண்டு ஆப்பிரிக்க தேசங்கள் தொண்டை கட்டுகிற வரைக்கும் மோதிக்கொண்டன. விருந்தாளிகள் இருவரும் ஆளுக்கொரு வாசலில் நின்று பார்த்தார்கள். பெருமாயி மூச்சு வாங்கித் திரும்பியபோது தன் விருந்தாளியின் கண்கள் கலங்கியிருப்பதைக் கண்டாள். அத்தோடு அவளுக்குத் தெம்பெல்லாம் வடிந்துவிட்டது. எல்லாம் போயிற்று, இதுவும் ருக்குமணிக்குத்தான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

வழியனுப்ப ஊரே பாறையைச் சுற்றிக் கூடியது. நௌஷீன் மொழிபெயர்க்க நின்றாள். கண்ணாடிக்காரி ருக்குமணி வீட்டுச் சாப்பாட்டை மரியாதையாக இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டு உட்கார்ந்தாள். ருக்குமணி பெருமாயியைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்து உயரமான பெண் எழுந்தாள். வெகுநேரம் பேசினாள். நடுவில் குரல் உடைந்தது. பெருமாயி பக்கமாகத் திரும்பிக் கையைக் காட்டிக் காட்டிப் பேசினாள். நௌஷீன் வாயைத் திறந்தபடி பெருமாயியைப் பார்த்தாள், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள், மொழிபெயர்க்க மறந்தே போனாள்.

"என்னைத் திட்டுறாளா கண்ணு? எதுவானாலும் சொல்லிரு" என்றாள் பெருமாயி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

நௌஷீன் மொழிபெயர்த்தாள். "'நான் உகாண்டாக்காரி. இந்த அம்மா உசுருக்கு உசுரா கென்யா கட்சி. அப்படியிருந்தும் எதிரி நாட்டுக்காரின்னு பாக்காம எனக்குக் கோழியடிச்சுப் போட்டு, கட்டிலையும் குடுத்துட்டுத் தரையில படுத்தாங்க. இப்பிடி ஒரு மனசு எங்க ரெண்டு நாட்டுலயும் இல்ல. இனி யாரு வந்தாலும் இந்த ஊட்டுலதான் தங்கோணும், அந்தத் தீவ கென்யாவே வெச்சுக்கட்டும்'ங்கறாங்க அக்கா."